அக்காவுக்குக் காட்டிய கங்காரு

அக்கா மெல்பேர்ணிலிருந்து வந்தபோது மொன்றியலில் எங்களுக்குக் கிடைத்தது நான்கே நாள்கள். மிச்சத்தையெல்லாம் டொரொண்டோச் சொந்தக்காரர்கள் விழுங்கிவிட்டார்கள். அந்த நான்கில் முதல்நாள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் என் கணவரின் அண்ணை வீட்டு விருந்து. இரண்டாம் நாள் காலை முருகன் கோயில், பின்னேரம் கார்ட்டியர்வில்லில் அவருடைய மாமி வீடு. மூன்றாம் நாள் கங்காரு பார்க்கப் போனோம்.

ஆம், கங்காருதான். அவுஸ்திரேலியாவிலிருந்து பறந்து வந்த மனுசிக்கு மொன்றியலில் கங்காரு காட்டினோம். எங்கள் ஆட்களுக்கு விருந்தாளி வந்தால் இடம் காட்டியே ஆகவேண்டும். வந்தவளைச் சும்மா ஒரு கதிரையில் இருக்கவிட்டால் மரியாதைக் குறைவு.

"அக்காவுக்குத் தன்ர நாடு மாதிரி இருக்கும்" என்றார் இவர். ரிக்கெற்றை ஏற்கெனவே போனில் வாங்கிவைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைத் தேத்தண்ணிக்குள் போட்டிருப்பேன். அக்கா பக்கத்தில் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்காவிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் அம்மா அவளுடைய வீட்டில்தான் இறந்தா. அப்போது என் அகதி வழக்கு முடியவில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. செத்தவீட்டை லாசாலில் எங்கள் அப்பார்ட்மெண்ட் குசினி அடுப்படியில் இருந்து போனில் பார்த்தேன். கடைசி நாள்களில் அம்மா என்னைக் கேட்டாவா? அதைத்தான் தெரிய விரும்பினேன். போனில் எத்தனை தரம் கேட்டாலும் அக்கா, "பேந்து நேரில கதைப்பம்" என்றுதான் சொல்வாள். இப்போது நேரில் வந்திருந்தாள். அவளை என்னோடு பத்து நிமிடம் தனியே விட ஒருவருக்கும் மனமில்லை.

காரிலும் இவர் அவளை முன்சீட்டில் இருத்தினார். நான் பின்னால் சாப்பாட்டுப் பெட்டியோடு. பாலம் முழுக்க இவர் செம்மஞ்சள் கூம்புகளைக் காட்டி மொன்றியல் வீதி வேலைகள் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எங்கட பக்கம் றோட்டில கங்காரு மாடு மாதிரி நிக்கும், தம்பி" என்றாள் அக்கா. "போன வருசம் ஒண்டு குறுக்க பாய்ஞ்சு என்ர காரின்ர முன்பக்கம் அப்பளம்."

"ஆனா தொட்டுப் பாத்திருக்க மாட்டியள்தானே?" என்று சிரித்தார் இவர்.

அந்தப் பூங்காவில் வலபி என்ற சின்னக் கங்காருகளை வேலிக்குள் போய்த் தொடலாம். வாசலில் நின்ற பெட்டை பிரெஞ்சில் ஒழுங்கு சொன்னாள். நிலத்தில் இருக்கவேண்டும். உள்ளங்கையில் தீனியை வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். சத்தம் போடக்கூடாது. பிடிக்கக்கூடாது, அதுகளாக வரும்.

நானும் அக்காவும் புல்லில் அருகருகே இருந்தோம். இவர் எட்ட நின்று வீடியோ எடுத்தார். மூன்று நாளில் முதல்முறையாக ஒருவரும் எங்களிடம் சாப்பிடுங்கோ என்று சொல்லவில்லை. ஒரு வலபி வந்து என் கையில் மூக்கை வைத்தது. ஈரமாக, சூடாக இருந்தது. நான் அதைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா என்னைக் கேட்டவவே?"

அக்காவும் வலபியைப் பார்த்தபடியே சொன்னாள், "ஓம். ஒவ்வொரு நாளும். நீ பிளேன் ஏறிட்டாய், வந்துகொண்டிருக்கிறாய் எண்டு நான் சொன்னனான்."

"எத்தினை நாள் அப்பிடிச் சொன்னனி?"

"மூண்டு நாள். வாசல் கதவைப் பூட்ட அம்மா விடேல்லை. நீ வந்து தட்டினால் கேக்காதாம்."

என் கை தானாக மூடிக்கொண்டது. வலபி விரல்களை நக்கித் திறக்கப் பார்த்தது. வரவே முடியாத என்னை அம்மா மூன்று நாள் எதிர்பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறா. நான் வரமாட்டேன் என்று தெரிந்திருந்தால் என்னைத் திட்டிவிட்டாவது நிம்மதியாகப் போயிருப்பா. அந்தப் பொய்யைச் சொன்னவள் என் பக்கத்தில் தீனியோடு இருக்கிறாள்.

"ரெண்டு பேரும் இஞ்ச பாருங்கோ" என்றார் இவர். "சிரியுங்கோ!"

"அந்தப் போனை வையுங்கோப்பா!"

இப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. வலபிகள் அத்தனையும் பாய்ந்து வேலி மூலைக்கு ஓடின. ஒரு குழந்தை வீரிட்டது. அந்தப் பெட்டை ஓடிவந்து வேலிப் படலையைத் திறந்து பிடித்தாள். எங்களை வெளியே போகச் சொன்னாள். "பர்தோன்" என்று இவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார், ஏதோ நான் அவருடைய நாய் போல.

வெளியே ஈமுப் பறவைகளின் வேலியோரம் ஒரு வாங்கில் போய் இருந்தோம். இவரைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பினேன். உண்மையில் துரத்தினேன்.

"ஏன் பொய் சொன்னனி?" என்று அக்காவைக் கேட்டேன். "நீ ஆர் எனக்காகப் பொய் சொல்ல? அவவுக்குக் கோபம் வந்தால் அது என்னில வந்த கோபம். அதையும் நீ எடுத்துப்போட்டாய்."

"வரமாட்டாள் எண்டு நீ சொல்லியிருப்பியோ?" என்று அக்காவும் குரலை உயர்த்தினாள். "நீ அங்கயிருந்து போனைப் பாத்துக்கொண்டு அழுதனி. நான் அவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். மூண்டு நாளும் உனக்குச் சோறு எடுத்து வைக்கச் சொன்னவ. வைச்சனான். அடுத்தநாள் காலமை கொட்டினனான். திரும்ப வைச்சனான்."

தீனி இன்னும் அவளுடைய உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. இன்றும் குறையவில்லை.

"சோத்துக்கு என்ன கறி?" என்றேன்.

"முருங்கைக்காய்" என்றாள் அக்கா. "ஃபிரீசரில இருந்ததுதான். பால்கறி. உறைப்புப் போடவேண்டாம், அவள் களைச்சு வாறாள் எண்டு சொன்னவ."