ஓரகத்தி வீட்டு வெந்நீர்

வேங்கிக்காலில் என் கணவரும் அவர் தம்பியும் ஒரே மனையில் அடுத்தடுத்து வீடு கட்டினார்கள். ஆழ்துளைக் கிணறு மட்டும் இருவருக்கும் பொது. தம்பியின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு வருஷம், எங்கள் தெருவிலேயே முதல் சோலார் ஹீட்டர் அவள் வீட்டு மாடிக்கு ஏறியது.

"கரண்ட்டே வேணாங்க்கா. வெயில்லயே கொதிக்குது. ஊரு உலகத்துக்கும் நல்லது" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் அப்போதும் பக்கெட்டில் ராடு போட்டுத்தான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கு ஒரு பக்கெட்டில் குளித்த அவள் வீட்டில் ஷவர் வந்தது. பாத்திரம், துணி, தரை எல்லாவற்றுக்கும் வெந்நீர். குழாயில் சூடு வரும்வரை பச்சைத் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். அது எங்கள் மதில் ஓரமாக ஓடும். "சும்மா வர்ற வெந்நீர் தானேக்கா" என்பாள். வீணாகிறதே என்ற கவலையைவிட, அப்படி வீணாக்க எனக்கு வாய்க்கவில்லையே என்ற ஆற்றாமைதான் பெரிதாக இருந்தது.

கரண்ட் பில் குறைந்ததும் ஏசி வாங்கினாள். "அதான் மிச்சமாவுதேக்கா!" அதன் அனல் நேராக என் சமையலறை ஜன்னலில் அடித்தது.

கார்த்திகை தீபத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். என்னைப் பெற்ற அம்மாவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே கிளம்பினாள். "பைப்பத் தொறந்தா வெந்நீர் கொட்டுதாமேடி."

நாலைந்து நாளாகத் தீபம் ஏற்றும் மலையை மறைத்து மழை மேகம், வெயிலே இல்லை. அம்மா வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஆனால் கொழுந்தனார் ஹீட்டர் டேங்கிலேயே இருந்த கரண்ட் காயிலுக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த டேங்க் மொத்தமும் கரண்ட்டில் கொதித்தது. என் ராடு எந்த மூலைக்கு?

கோடையில் மோட்டார் வெறும் காற்றைத் துப்பியது. தண்ணீர் லாரிக்கு இரண்டு பேரும் குடத்தோடு நின்றோம்.

"நீங்க பாத்துப் பாத்துதான் செலவு பண்ணீங்க. நாங்கதான் ஜாஸ்தி கொட்டிட்டோம்" என்றாள் தலை குனிந்தபடி. அந்த வார்த்தைக்கு மனம் ஆறியிருக்க வேண்டும். எனக்கு ஆறவில்லை.

போரை இன்னும் ஆழமாக இறக்கினார்கள். தண்ணீர் வந்த அன்றே கணவரிடம் கேட்டேன். "நமக்கும் ஒண்ணு வைங்க."

"போர் வத்திக் கெடந்தத இப்பதான பாத்த? அவங்க குளிச்சிக் குளிச்சித்தான..."

"அவ வீட்ல இருக்குதுல்ல?"

மழைக்காலம் வருமுன் எங்கள் மாடியிலும் ஹீட்டர் ஏறியது. ஓரகத்தி தன் மாடியில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க டேங்கு பெருசாக்கா?"

"ஆமாமா, பெருசுதான்" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. நான் இறங்கிப் போய் எங்கள் புது ஷவரைத் திறந்தேன்.