செலினுக்கு போர்டு தேடிய வாரம்

பழைய கம்ப்யூட்டர் சாமான் வியாபாரத்தில் பொருளைப் பார்ப்பது கடைசி வேலை. கொண்டுவருகிறவர் செய்யும் சத்தியங்களைக் கேட்டு முடிப்பதுதான் முதல் வேலை. இந்தத் தொழிலில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் பாடு எனக்குத் தெரியும்.

மாட்டுப்பட்டிக்குக் கீழே எங்களுக்கு ஒரு சின்னக் கடை. மகன் ஜெரின் ரிப்பேர் வேலைக்கு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்விடுவான். எட்டாம் வகுப்போடு நின்ற நான் கடையில் இருப்பேன். விற்க வருகிற சாமானில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை கம்பெனியின் இணையப் பக்கத்தில் தட்டினால், வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று காட்டும். அதை வாசித்துச் சொல்வது என் உத்தியோகம். சொன்ன பிறகு கிடைக்கும் ஏச்சை வாங்கிக்கொள்வதும் அதில் சேர்த்திதான்.

இந்த மழைக்காலத்தில் அந்தப் பாடு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்து அனுப்பும் வேலை என் மகள் செலினுக்கு. அவளுடைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு செத்துப்போனது. திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று அவள் ஆபீஸ்காரர்கள் ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கொச்சியிலிருந்து புதுசு வந்து சேர இரண்டு வாரம் ஆகும். பழசுதான் கதி. “வாரண்டி உள்ளதாப் பாரும்மா. இதுவும் செத்தா அழுறதுக்கு எனக்கு இன்னொரு வேலை கிடையாது” என்றாள் செலின். போர்டு வேண்டும் என்று ஜெரின் நாலு பேரிடம் சொல்லிவைத்தான். அது நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டது.

துபாய் சரக்கு

முதலில் வந்தவர் ஜீப் ஓட்டும் செல்வராஜ். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த போர்டாம். தங்கக் கட்டி மாதிரி துண்டில் சுற்றி வைத்திருந்தார். நம்பரைத் தட்டினேன், பச்சை நிறத்தில் ‘வாரண்டி உண்டு’ என்று வந்தது. இயேசுவே நன்றி என்று சொல்லி முடிக்கவில்லை, கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லுமாம். அதைப் பவ்யமாக வாசித்துக் காட்டினேன்.

“அதுக்கென்னக்கா? கெட்டுப்போச்சுன்னா ஒரு எட்டு துபாய்க்குப் போய்க் குடுத்துட்டு வந்துருங்க. ஊரைப் பாத்த மாதிரியும் ஆச்சு.”

பொட்டு வைத்த போர்டு

அடுத்தவர் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் முருகேசன். ஆயுத பூஜைக்கு ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பெட்டியின் மேலே பொட்டு வைக்கும். முருகேசன் பக்திமான். உயிர் உள்ளேதானே இருக்கிறது என்று பெட்டியைக் கழற்றி, போர்டிலேயே வைத்துவிடுவார். அதில் வெள்ளையாக, வாகாக இருந்த இடம் ஒன்றே ஒன்று. சீரியல் நம்பர் ஸ்டிக்கர்.

பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தேன். குங்குமம் வந்தது, சந்தனம் வந்தது, அவற்றோடு சேர்ந்து நம்பரும் வந்துவிட்டது.

“சாமி பொட்டை அழிச்சது நீங்க. இப்ப நம்பர் இல்லன்னு என்னையச் சொல்லுதீங்க. நல்லாருக்கும்மா உங்க ஞாயம்!”

அந்தோணியார் காவல்

நம் கிறிஸ்தவ ஆட்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. ஆண்டவர் மறுநாளே அதை இறக்கி வைத்தார். எங்கள் கோயில் உபதேசியார் ஒரு போர்டோடு வந்தார். நம்பர் பளிச்சென்று தெரிந்தது, தேதியும் பாக்கி இருந்தது. ஆனால் உரித்தால் வாரண்டி போச்சு என்று எழுதி, விற்பவர்கள் ஒட்டும் குட்டி சீலைக் காணோம். அந்த இடத்தில் ஒட்டியிருந்த படத்தில் புனித அந்தோணியார் சிரித்துக்கொண்டிருந்தார். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர். அவருக்கு இடம் கொடுக்கத்தான் சீல் காணாமற்போயிருக்கிறது.

“அது மேல ஒட்டுனா பசை நிக்கல, உரிச்சுட்டேன். கம்பெனிக்காரன் சீல் பெருசா, புனிதர் பெருசா? பூசைக்கு வர்றவ நீயே சொல்லு, பாக்கியம்.”

அழகான பெட்டி

சனிக்கிழமை வந்தவர் பெருமாட்டிப் பக்கத்து வியாபாரி. பழைய சாமான்களை வேனில் போட்டு மலையேற்றிக் கொண்டுவருகிறவர். “கம்பெனிப் பெட்டியோட இருக்குதுங்கம்மா” என்று அட்டைப்பெட்டியைத் தடவிக் காட்டினார். பெட்டியிலிருந்த நம்பரைத் தட்டினால் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. உள்ளே இருந்த போர்டில் வேறு நம்பர். அதைத் தட்டினால், வாரண்டி முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“பெட்டிக்கு ரெண்டு வருசம் இருக்குதுங்களே, அதை ஏனுங்கம்மா விடோணும்?”

லில்லியின் பில்

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் கடை வாசலில் லில்லி நிற்கிறாள். காந்தலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்து மூடியவள். போர்டு, பெட்டி, பில் மூன்றையும் நீட்டினாள். இரண்டு நம்பரும் ஒன்றுதான். சீல் இருந்தது. வாங்கியது இந்தியாவில்தான். வாரண்டி அடுத்த வருடம் வரை. அந்த வாரம் முழுவதும் பார்த்த பார்வையில், எல்லாம் சரியாக இருப்பதுதான் பெரிய சந்தேகமாகப் பட்டது.

பில்லில் உள்ள பெயர் உன் பெயர்தானா, ஏன் விற்கிறாய், கடையை ஏன் மூடினாய், மழைத் தண்ணீர் பட்டதா, பூஜை வைத்தாயா, படம் ஒட்டினாயா என்று கேட்டுக்கொண்டே போனேன். பாவம், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஜெரின் வந்து, விட்டுப்போன கேள்விகளைக் கேட்டான்.

“ஏக்கா, போர்டு வாங்குறீங்களா, இல்ல ஒங்க மகனுக்கு என்னையப் பொண்ணு பாக்குறீங்களா?”

திங்கட்கிழமை

லில்லியின் போர்டை வாங்கி ஜெரின் அன்றைக்கே மாட்டிவிட்டான். காலையில் செலின் சுவிட்சைப் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது, அவள் ஆபீஸும் வந்தது. முதல் டாக்டர் யாருடைய ஈரலைப் பற்றியோ பேச ஆரம்பித்தார். அதைவிட இனிமையான குரலை நான் கேட்டதில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “அடுத்த வருசம் வரைக்கும் கவலையில்ல மகளே” என்றேன். அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் மடித்துக் கிடந்த வாரண்டிச் சீட்டை எடுத்து, நான் புரட்டிப் பார்க்காத பின்பக்கத்தை நிதானமாக வாசித்தாள்.

“இடி, மின்னல், கரண்டு ஏறி இறங்குறது, ஈரம், இதெல்லாம் சேராதாம்மா. போன போர்டு எதுல செத்துச்சுன்னு நெனக்கிற?”

இவை எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து போர்டு கெட்டுப்போனால் வாரண்டி நிச்சயம் உண்டு என்பதால், அப்படியொரு நாளை எங்கள் மலைக்குத் தந்தருளும்படி தினமும் முழங்காலில் நின்று மன்றாடி வருகிறேன்.