மோதல் என்று எழுத இரண்டு பேர்

அம்மா இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் வேலை பார்த்தாள். ஏஜென்சிச் செய்திகளை மொழிபெயர்த்துத் தலைப்புப் போடுவாள். கழிப்பறைக் கதவை ஒட்டிய மேசை. போன் தெளிவாகக் கேட்கும் இடம் அதுதான் என்று அவளே கேட்டு வாங்கியது.

'மோதலில் பலி' என்று செய்தி வந்தால் அப்படியே விடமாட்டாள். தெருவாரியாக எண்கள் எழுதிய நோட்டைப் பிரிப்பாள். சம்பவம் நடந்த தெருவில் ஏதாவது ஒரு கடைக்கு போன் போடுவாள். "ரெண்டு பக்கமும் சுட்டாங்களா, ஒரு பக்கம்தானா?" ஒருவர் சொன்னால் போதாது, இன்னொருவரும் சொல்ல வேண்டும்.

"டீ வந்துடுச்சுன்னு நான் சொன்னா நம்ப மாட்டா. ரெண்டாவது ஆள் வந்து சொல்லணும்" என்பார் பக்கத்து மேசைக்காரர். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

செத்தவனுக்கு இதனால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல. மோதல்னு போட்டா அவன் கையிலயும் துப்பாக்கி இருந்ததுன்னு ஆயிடும்."

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீசுக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றவள் இறந்துபோனாள். உடன் நின்ற ஆறு பேரும் இறந்தார்கள். மதியம் ஏஜென்சிச் செய்தி வந்தது: 'மோதலில் ஏழு பேர் பலி.'

நான் நில அளவையாளர். பிணவறையிலிருந்து நேராக நிறுத்தத்துக்குப் போனேன். தார் ரோட்டில் விழுந்த பள்ளத்தையும் சிதறல் கோடுகளையும் அளந்தேன். எறிகணை வடக்கு மேட்டிலிருந்து வந்திருந்தது. மேட்டில் இருந்தது ராணுவம் மட்டும். மாமாவுக்கு போன் செய்தேன்.

"மாமா, அங்க மோதலே இல்ல. ஒரே ஷெல். மேட்டிலேருந்து."

"சரிம்மா. நீ ஒரு ஆள். இன்னொருத்தர்?"

"மாமா, செத்தது அம்மா!"

"தெரியும். உனக்காக ரெண்டாவது ஆள விட்டுட்டேன்னா, நாளைக்கு எவனும் இந்த வரிய நம்ப மாட்டான். ஏழு மணிக்குப் பக்கத்த மூடி அச்சுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள பாரு."

போனை வைத்துவிட்டு அவரைத் திட்டினேன். பிறகு பிணவறையில் கொடுத்த அம்மாவின் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். அந்தத் தெருவுக்கு ஒரே எண் இருந்தது. சாவி செய்யும் கடை. பக்கத்தில் அவள் கையெழுத்தில், 'பெயர் போடக் கூடாது.'

ஆறே முக்காலுக்குக் கடைக்காரர் போனை எடுத்தார்.

"ரெண்டு பக்கமும் சுட்டாங்களா?" என்றேன்.

"இப்படி ஒரு அம்மாதான் கேப்பாங்க. நீங்க யாரு?"

"அவங்க பொண்ணு."

"ஒரே சத்தம்மா. மேட்டுல புகைய நானே பாத்தேன். திருப்பிச் சுட இங்க யாரு இருக்கா? எல்லாம் பஸ்ஸுக்கு நின்னதுங்க. ஆமா, அம்மா ஏன் கூப்பிடல? உடம்புக்கு முடியலையா?"

"அங்க நின்னதுல அவங்களும் ஒருத்தங்க."

கடைக்குள் ஏதோ இரும்பு கீழே விழும் சத்தம் கேட்டது.

"என் பேரப் போட்டே எழுதிக்க."

மாமாவிடம் கடைக்காரர் பார்த்ததைச் சொன்னேன், கடை எண்ணையும் கொடுத்தேன். மாமாவும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். "பேர் போடலாமாமே?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த மனிதர் நாளைக்கும் அதே மேட்டுக்குக் கீழே கடை திறக்க வேண்டும்.

மறுநாள் நான்கு பத்திரிகைகளில் மோதல் என்று வந்தது. அம்மாவின் பத்திரிகையில்: 'பஸ்ஸுக்கு நின்றவர்கள் மீது ராணுவ எறிகணை: ஏழு பேர் பலி.'