பத்தரை ரயர்

பெரியம்மாவின் டிராக்டர் புல்லு வெட்டுகிற சின்ன டிராக்டர்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பிரெஞ்சு பேசுகிற எங்கள் நகரத்தின் ஓரத்தில், கர்க்லாண்டில், அண்ணா, அதாவது பெரியம்மாவின் மகன், வீடு வாங்கியபோது முந்தைய வீட்டுக்காரர் கொட்டிலுக்குள் விட்டுப்போன சாமான் அது. அண்ணாவைவிட வயது கூடியது. பச்சை நிறம் வெளிறிப் பாசி நிறமாகியிருந்தது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணா. பெரியம்மா இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி இருந்துவிட்டார். அந்தத் தெருவில் சேலையும் சப்பாத்துமாகப் புல்லு வெட்டிய ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டாயிரத்து நாலாக இருக்கும், அல்லது ஐந்து. நாங்கள் நகரத்துக்குள்ளே, வில்லரேயில் ஒரு மேல்மாடியில் இருந்தோம். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் அம்மா என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

ஆவணியில் எங்கள் நாட்டு மடு மாதாவின் திருநாள். அதற்கு எங்கள் சனம் பெரியம்மா வீட்டிலிருந்து ஐந்தாறு தெரு தள்ளியிருந்த ஒரு கன்னியர் மடத்து வளவை இரவல் வாங்கும். சொரூபத்தை ஆண்கள் தோளில் வைத்துச் சுற்றி வருவார்கள். அந்த வருடம் சுமக்கிறவர்களில் பாதிப்பேருக்கு இடுப்பு நோ. துறைமுகப் பக்கத்தில் பெட்டி ஏற்றி இறக்கிய இடுப்புகள் அவை. என்ன செய்வது என்று பூசை முடிந்து கூடிக் கதைத்தபோது பெரியம்மா எழும்பினார்.

"என்ர மிசின் இழுக்கும்."

"அக்கா, அது புல்லு வெட்டுற சாமானெல்லே. மாதா நடுவழியில நிண்டா என்ன செய்யிறது?" என்று ஒருவர் கேட்டார்.

"உன்ர இடுப்பு மாதிரி என்ர மிசின் நிக்காது தம்பி."

ஃபாதர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் அது முடிவாகிப்போனது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பின் ரயர் இரண்டும் தரையோடு படுத்துக்கிடந்தன. வெடிப்புக்குள் நகம் முழுதாகப் போனது. ஒட்டுப் போட்டுக் காற்றடித்தால் விடிவதற்குள் இறங்கிவிடும். திருநாளுக்கு மூன்று கிழமை இருந்தது. மாதாவை இழுப்பேன் என்று இத்தனை பேருக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது.

"ரயரில அளவு போட்டிருக்கும். அதை எழுதிக் கொண்டுபோனாத்தான் கடையில தருவினம்" என்றார் அண்ணா.

"எனக்குத் தெரியாதே? இவளைக் கூட்டிக்கொண்டு போறன், பிரெஞ்சு கதைக்க."

கொட்டிலுக்குள் என்னைக் கூப்பிட்டு, தன் முதுகு வளையாது, நீ குனிந்து பார் என்றார். ஈரச்சீலையால் துடைத்தேன். 23 x 8.50 - 12 என்று இருந்தது. உயரம் இருபத்து மூன்று, அகலம் எட்டரை, நடு ரிம் பன்னிரண்டு, எல்லாம் அங்குலத்தில். பெரிய பொறுப்பு வந்துவிட்ட எண்ணத்தில் உள்ளங்கையில் நீலப்பேனையால் எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் எனக்கு ஒரு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். அது உருகி முழங்கைவரை ஓடியது. கையையும் சேர்த்து நக்கினேன். கடை வாசலில் பார்த்தால் முன்னுக்கு 23 இருந்தது, கடைசியில் 12 இருந்தது. நடுவில் நீலமாக ஒரு தீற்றல்தான். வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதல். மறந்துபோச்சு என்று என் வாயால் வராது.

கடையில் இரண்டு வகை ரயர் காட்டினார்கள். ஒன்றில் விரல் தடிப்பில் வரி வரியாகக் கட்டை. எனக்கு அதுதான் பிடித்தது. மற்றது தட்டையாக, சின்னச் சின்னக் கட்டமாக இருந்தது. பெரியம்மா இரண்டையும் பெருவிரலால் அழுத்தினார், மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தார், பக்கச் சுவரை மடக்கிப் பார்த்தார்.

"இந்த வரி ரயர் புல்லைக் கிழிச்சுப்போடும். பேந்து சிஸ்டர்மார் என்னைக் கலைப்பினம். தட்டையைக் கேள்."

கேட்டேன். அளவு என்ன என்றார் கடைக்காரர். பெரியம்மா கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி எடுத்துத் தந்தார். "கையில கிடக்கிறதை வடிவா இதில எழுது." ஏதோ அரை என்பது மட்டும் நினைவிருந்தது. 23 x 10.50 - 12 என்று எழுதினேன். பெரியம்மா துண்டை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், தலையாட்டிக் கடைக்காரரிடம் நீட்டினார். அவரே சரி என்றுவிட்டதால் எனக்கும் அது சரிபோலவே பட்டது.

ரயர்கள் வர இரண்டு கிழமை எடுத்தது. திருநாளுக்கு முதல்நாள் சனிக்கிழமைதான் அண்ணாவுக்கு லீவு. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரர், நாங்கள் முசியே என்று கூப்பிடுகிறவர், காற்றடிக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய ரயர் ரிம்மோடு ஒட்டிக்கிடந்தது. பலகை வைத்து அதன்மேல் காரை ஏற்றித்தான் கழற்றினார்கள். ரிம்மின் துருவைச் சுரண்டினார்கள். கோப்பை கழுவுகிற சோப்பைப் பூசி, இரண்டு நெம்புகோல் போட்டுப் புது ரயரை ஏற்றினார்கள். காற்றடித்தால் ஓரத்தால் சீறிக்கொண்டு வெளியே போனது. பெரியம்மா உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவிழ்த்துவந்து, ரயரைச் சுற்றிக் கட்டி, தடியொன்றைச் செருகி முறுக்கச் சொன்னார். ரயர் பிதுங்கி ரிம்மோடு ஒட்டியது. பிறகு அடித்த காற்று நின்றது. "டப்" என்று ஒரு சத்தம், மற்றப் பக்கமும் ஒரு "டப்". முசியே கைதட்டினார்.

சில்லுகளைப் பூட்டிவிட்டுத் தள்ளினால் டிராக்டர் அசையவில்லை. ரயர் உள்பக்கமாக மட்காட்டில் முட்டிக்கொண்டு நின்றது. முசியே குனிந்து பார்த்து, அகலம் கூடிப்போச்சு என்று பிரெஞ்சில் சொன்னார். அண்ணா பழைய ரயரைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார். பிறகு பில்லோடு குத்தி வந்திருந்த துண்டைப் பிரித்தார். நான் முசியேயின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பழசில எட்டரை. இதில பத்தரை எண்டு கிடக்கு. ஆர் இதை எழுதினது?"

"நான்தான்" என்றார் பெரியம்மா.

அண்ணா நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே?"

"ஏன், நான் எழுதக்கூடாதே? கண்ணாடி போடாமல் எழுதிப்போட்டன். எட்டு பத்தாப் போச்சு."

கோணல்மாணலான எழுத்து. அண்ணா அதை ஒருமுறை பார்த்தார், தாயை ஒருமுறை பார்த்தார், நம்பிவிட்டார். பெரியம்மா துண்டை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மாதா?" என்றார் அண்ணா.

பெரியம்மா சில்லுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். பிறகு ரிம்மின் குழியைக் கையால் தடவினார்.

"இது சூப்புக் கோப்பை மாதிரியெல்லோ இருக்கு. ஒரு பக்கம் குழி, மற்றப் பக்கம் புடைப்பு. கழற்றித் திருப்பிப் போடு. ரயர் வெளியால தள்ளி நிக்கும்."

"காத்தடிக்கிற வால்வு உள்ளுக்குப் போயிடுமம்மா."

"அடிக்கிறவன் கீழ படுத்துக்கிடந்து அடிக்கட்டும்."

திருப்பிப் போட்டார்கள். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் இரண்டு விரல் போக இடம் வந்தது. மறுநாள் டிராக்டர் காலை அகட்டி நடக்கிற ஆள்போல மடத்து வளவைச் சுற்றியது. பின்னால் கொளுவிய வண்டிப் பெட்டியில், பூமாலைகளுக்கு நடுவில் மாதா. புல்லு கிழியவில்லை. இடுப்பு நோக்காரர்கள் செபமாலையோடு பின்னால் நடந்தார்கள். பெரியம்மா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் பிழையை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்றே நினைத்திருந்தேன். வளர்ந்து, அவரோடு கந்தோர், ஆஸ்பத்திரி என்று துணைக்குப் போகத் தொடங்கியபோதுதான் அவருக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது, இலக்கமும் தெரியாது என்று விளங்கியது. காசை நிறத்தால் எண்ணினார். பஸ்ஸைச் சாரதியிடம் கேட்டு ஏறினார். பெற்ற மகனுக்குக்கூட அதைக் காட்டாமல் வைத்திருந்தார்.

எட்டு வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. எங்கே நாலு பேர் கூடினாலும், பிறந்தநாளோ செத்தவீடோ, பெரியம்மா அந்த ரயர்க் கதையைத் தொடங்கிவிடுவார். "எட்டரைக்குப் பத்தரை எண்டெல்லே எழுதிப்போட்டன்!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். பிறகு கைப்பையைத் திறந்து, மடிப்பு நைந்துபோன அந்தத் துண்டை எடுத்து ஆள்மாறி ஆள் காட்டுவார்.

"இஞ்ச பாருங்கோ, என்ர எழுத்தை."

நான் கூச்சத்தில் வேறு பக்கம் பார்ப்பேன். விட்ட பிழையை எறியாமல் இப்படி யாராவது கொண்டுதிரிவார்களா என்றுதான் அப்போது எனக்கு இருந்தது.