ஜன்னலில் ஒரு வெள்ளைத் துண்டு

ஒரு முழு மாலைப் பொழுதைச் செலவழித்து ஒரு பிளாஸ்டிக் மரத்தைப் படம்பிடித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே சொன்னதாக இருக்கட்டும். காஜாங்கில் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே கறி சாப்பிடப் போன இடத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலில் அந்த மரம் நின்றது. ஓர் இலைகூட இல்லாத கிளைகள், கிளை முழுக்க இளஞ்சிவப்புப் பூக்கள், பின்னால் சாயங்கால வெயில். நான் மண்டியிட்டேன். பிறகு சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன். ஐம்பது வயதில் திடீரென்று கலைஞனாகி, மாதத் தவணையில் கேமராவும், உடம்பெல்லாம் பை வைத்துத் தைத்த மேல்சட்டையும் வாங்கியவன் படுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு மலாய்க் குடும்பம் என்னைத் தாண்டிப் போகத் தயங்கி, மரியாதையாகக் காத்து நின்றது. பக்கத்தில் மச்சான் தன்னுடைய மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பாலும் சீனியும் போடாத கோப்பி ஓவை நாக்கை நனைக்கிற அளவுக்கு மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, மண்ணைத் தட்டி, லென்ஸை மூடிப் பைக்குள் வைக்கும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

"எல்லாம் நல்லா வந்துச்சா மாப்பிள்ளே?"

"அருமையா வந்திருக்கு மச்சான்."

"நல்லதுலா. போறப்போ கீழ பாத்துப் போங்க. அந்த மரத்துக்கு பிளக் பாயிண்ட் இருக்கு. வயர் தடுக்கிவிட்டுரும்."

திரும்பிப் பார்த்தேன். மரத்தின் அடியிலிருந்து ஒரு கறுப்பு வயர் புறப்பட்டுச் சுவரோரமாக ஓடி, கடைக்குள் போயிற்று. சரியாக அந்த நேரத்தில் யாரோ உள்ளே சுவிட்சைத் தட்ட, பூவெல்லாம் பளிச்சென்று எரிந்தது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று காரில் வரும்போது கேட்டேன். "நீங்க சந்தோஷமா இருந்தீங்க" என்றார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் தங்கையின் கணவன் என்பதால் கடைசிவரை என்னை 'வாங்க போங்க' என்றுதான் பேசினார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டே ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கலாய்க்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். அந்த பிளக் பாயிண்ட் கதையைத் தங்கையிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரை எடுத்துப்போய் அவரை ஏற்றிக்கொள்வேன். காப்பார் பக்கம் போனால் செம்பனைத் தோப்புக்கு மேலே மின்நிலையத்தின் புகைபோக்கியும், வாய்க்கால் ஓரத்தில் கொக்குக் கூட்டமும் கிடைக்கும். ரவாங்கைத் தாண்டி வடக்கே போனால் மலையடிவாரத்தில் வளைந்து வரும் ரயில் கிடைக்கும். நான் படமெடுப்பேன், அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து குறை சொல்வார். "உங்க படம் எல்லாத்திலயும் முக்காவாசி வானம்தான் இருக்கு. இதுக்கு எதுக்கு பெட்ரோல் போட்டு வரணும்? வீட்டு பால்கனியிலயே எடுக்கலாமே." சரக்கு ரயில் வந்தால் மட்டும் எழுந்து நிற்பார். பெட்டி பெட்டியாகக் கண்டெய்னர்கள் போவதைப் பார்த்து, ஏதோ அவரே கட்டி அனுப்பியவை போல ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவார்.

தெக்கோமா மரங்கள் பூக்கும் நாட்களில் எங்கள் கிறுக்கு இன்னும் கூடும். இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், வருடம் முழுக்க அந்த மரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சில வாரங்கள் மழை இல்லாமல் காய்ந்தால் போதும், இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு ஒரே மூச்சில் இளஞ்சிவப்பாக வெடித்துவிடும். உடனே நம் மக்கள், ஜப்பான்காரர்களின் செர்ரிப் பூவுக்கு ஈடாக, மலேசியாவின் சக்குரா என்று சொல்லி, சாலையோரம் காரை நிறுத்தி, பூவுக்கு முன்னால் பல்லைக் காட்டி நிற்பார்கள். எல்லாம் சில நாட்கள்தான். ஒரு நல்ல மழை அடித்தால் பூவெல்லாம் கால்வாயில் கிடக்கும்.

மச்சானுக்குச் சிறுநீரகம் கைவிட்டது நான் கேமரா வாங்குவதற்கு முன்பே. சர்க்கரையின் வேலை. எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கான சிகிச்சையை டயாலிசிஸ் என்று யாரும் சொல்வதில்லை, 'ரத்தம் கழுவப் போறேன்' என்போம், துணி துவைக்கப் போகிற மாதிரி. செவ்வாய், வியாழன், சனி காலை நேரம் அவருக்கு. கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் அந்த நிலையம் இருந்தது. கீழே டயர் கடை. மேலே வரிசையாக நாற்காலிகள், அவருடையது ஜன்னல் ஓரம். இடது கையில் ஊசி ஏற்றிவிட்டால் நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பட்டறையின் தகரக் கூரை, அதற்குப் பின்னால் ரயில் பாதை, பாதையை ஒட்டி ஒரு தெக்கோமா மரம். நாற்காலியிலிருந்து பார்த்தால் மரத்தின் தலை தெரியும். ரயில் தெரியாது, கூரை மறைத்துவிடும். கொமுட்டர் என்கிற பயணிகள் ரயில் போவதும் சரக்கு ரயில் போவதும் சத்தத்தில் மட்டும் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரைப் பார்க்க நான் ரயிலில் போன நாட்களில் எல்லாம் அந்த மரத்தடியைத்தான் தாண்டிப் போயிருக்கிறேன். கண்டதே இல்லை, கைப்பேசியில் மற்றவர்கள் எடுத்த பூப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ரத்தம் கழுவுகிறவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அவர் ஒருநாள் அந்த மரத்தைக் காட்டினார். "அதுக்கும் தண்ணி கட்டுப்பாடு, எனக்கும் தண்ணி கட்டுப்பாடு. அது பூக்குது, நான் வீங்குறேன்." நான் சிரித்தேன். அவர் ஐஸ் கட்டியை மறு கன்னத்துக்குத் தள்ளினார். பிறகுதான் அந்த விஷயத்தைக் கேட்டார்.

"மாப்பிள்ளே, எனக்கு ஒரு படம் வேணும். மரம் பூத்திருக்கணும். கீழ ரயில் போகணும். பின்னாடி இந்த ஜன்னல்ல நான் இருக்கணும்."

"எதுக்கு மச்சான்?"

"நான் போனா அடையாள கார்டுல இருக்கிற அந்த ஐசி படத்தைத்தான் பெருசாக்கி மாலை போடுவீங்க. அதுல நான் அசல் திருடன் மாதிரி இருக்கேன். அதைப் பாத்து யாருக்கு அழுகை வரும்? இதை மாட்டுங்க." பிறகு, பாதி தனக்கே சொல்வது போல, "இத்தன வருஷமா இங்கதான் கெடக்கேன். வெளிய இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்லா" என்றார்.

போய்ப் பார்த்தேன். பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் இருந்தது. அதில் ஏறி ஓரமாக நின்றால் மரமும் தண்டவாளமும் மாடி ஜன்னலும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. முகம் தெரியாது, அவ்வளவு தூரம். அதனால் ரயில் சத்தம் கேட்டதும் வலது கையில் ஒரு வெள்ளைத் துண்டைத் தூக்கிப் பிடிப்பது என்று முடிவானது. வெயில் அடிக்கிறதென்று இறக்கி வைத்திருக்கும் திரையை அந்த நேரத்துக்கு ஏற்றிவிட, அங்கே இருந்த தாதியிடம் அவர் சொல்லி வைத்தார். "சிஸ்டர் ஓக்கே சொல்லிட்டாங்க. இனிமே மரம்தான் ஓக்கே சொல்லணும்."

மரம் ஒரு பிப்ரவரியில் ஓக்கே சொன்னது. சனிக்கிழமை நாற்காலியிலிருந்து மொட்டு விட்டதைப் பார்த்திருக்கிறார். ஞாயிறு காலை நடைபாலம் வரைக்கும் தானே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "மாப்பிள்ளே, வெடிச்சிருச்சு. ஒரு எலை இல்ல." நான் சட்டைப் பைகளில் எல்லாம் பேட்டரியை நிரப்பிக்கொண்டு, இப்போதே வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமைதான் அவர் ஜன்னலில் இருப்பார். "நான் இல்லாம எடுத்தா அது காலண்டர் படம். சாமான் கடையில ஓசியாவே குடுக்கிறான்." ஞாயிறு தாண்டியது. திங்கள் மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் இருட்டிக்கொண்டு வந்தபோது, கிள்ளானில் மழை இருக்காது, இங்கே மட்டும்தான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அங்கே தன் வீட்டு ஜன்னல் வழியே என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் போன் செய்யவில்லை. அங்கேயும் கொட்டுகிறது என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை தண்டவாளம் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது. கிளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பூக்கள், வேலைக்குப் போகாமல் தங்கிவிட்டவர்கள் மாதிரி. வானம் சாம்பல் நிறம். ஆனாலும் ஜன்னல் திரை ஏறியிருந்தது. நான் கேமராவைத் தூக்கினேன். ரயில் வந்தபோது உள்ளே ஒரு வெள்ளைத் துண்டு எழுந்தது, விளையாட்டுப் போட்டியில் கொடி ஆட்டுகிறவர் மாதிரி இல்லை, மெதுவாக, பக்கத்து நாற்காலிக்காரரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. நான் துண்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் ரயிலைப் பாதி தவறவிட்டேன்.

நிலையத்து வாசலில் அவரிடம் படத்தைக் காட்டினேன். ரத்தம் கழுவி முடித்தால் அவர் ஒரு சுற்று சிறுத்தவர் போல இருப்பார். கையில் கட்டு, முகத்தில் வெளிறல். கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "மரம் மொட்டை. ரயில் பாதி. நான் ஒரு புள்ளி." கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "பரவால்ல. அடுத்த தடவ பாத்துக்கலாம்." பிறகு நடக்கத் தொடங்கியவர் நின்று, மறுபடியும் கேமராவை வாங்கி, அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பெரிதாக்கப் பெரிதாக்க அது கட்டம் கட்டமாக உடைந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

அடுத்த தடவை வரவில்லை. அந்த வருடம் மழை விட்டபாடில்லை. ஆகஸ்ட்டில் காயும் என்று பார்த்தோம், ஆகஸ்ட்டிலும் மத்தியானம் தவறாமல் கொட்டியது. ஒரு வாய் தண்ணீருக்கு ஏங்குகிற மனிதர், மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார். டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை அவர் போனை எடுக்கவில்லை. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் உள்ள அந்த நீண்ட இடைவெளியை இதயம் தாண்டவில்லை என்றார் டாக்டர். பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கப் படம் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் படமெடுத்து வைத்திருந்த என்னிடம் வானமும் ரயிலும் கொக்கும் இருந்தன. ஐசி படத்தைத்தான் பெரிதாக்கினோம். அவர் சொன்னது சரி, திருடன் மாதிரிதான் இருந்தார். அதைப் பார்த்து யாருக்கும் அழுகை வராது என்று சொன்னது மட்டும் தப்பு.

பிப்ரவரியில் மரம் பூத்தது. வாரக்கணக்கில் சொட்டு மழை இல்லை. செவ்வாய்க்கிழமை வரும்வரை காத்திருந்து போனேன். அப்படி ஒரு பூப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நடைபாலத்தில் நின்றவர்கள் எல்லாம் கைப்பேசியை நீட்டினார்கள். ஒரு சரக்கு ரயில் வந்தது, நீலம், சிவப்பு, பச்சைக் கண்டெய்னர்கள், ஒவ்வொன்றும் பூவுக்கு அடியில் நின்று போவது போல மெதுவாகப் போயின. நான் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. என் வாழ்நாளின் மிக நல்ல படம் அது. மாடி ஜன்னலில் திரை இறங்கியிருந்தது. வெயில் அடிக்கிறதல்லவா, இறக்கித்தான் வைத்திருப்பார்கள். ஏற்றச் சொல்ல ஆள் இல்லை.

அதன்பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, யூடியூப்பில் ஒரு பையன் சொல்லிக்கொடுத்தபடி, பழைய படத்திலிருந்து அந்த ஜன்னலை வெட்டி எடுத்தேன். திரை ஏறிய ஜன்னல், உள்ளே தூக்கிப் பிடித்த வெள்ளைத் துண்டு. அதைப் புதிய படத்தில் அதே இடத்தில் ஒட்டினேன். ஓரங்களை மெழுகினேன். மரம் பூத்திருந்தது, கீழே ரயில் போயிற்று, ஜன்னலில் அவர் இருந்தார். அவர் கேட்டது கேட்டபடி. கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு, முதல் வருடத் தெவசத்துக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டி மாலை போட்டேன். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஜப்பானில் எடுத்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். 'இல்லை' என்று நான் பணிவாகச் சொன்னேன், ஒவ்வொருவரிடமும், கொஞ்சம் நேரமெடுத்து.

எல்லோரும் போன பிறகு என் மனைவி விளக்கில் எண்ணெய் ஊற்ற வந்தாள். படத்துக்கு முன்னால் நின்றாள். பளபளவென்று வெயில் அடிக்கிற அந்தக் காலையில், ஒரு ஜன்னல் மட்டும் மழைநாளின் சாம்பல் நிறத்தில் இருந்தது. அது எனக்கும் தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று விட்டிருந்தேன். அவள் கண்ணாடிமேல் விரலை வைத்து அந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் இத பாத்திருந்தா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

"என்ன?"

"பிளக் பாயிண்ட் தெரியுது மாப்பிள்ளே."