கோத்தகிரி வண்டிக்கு எதற்கு ஃபேன்?

கோத்தகிரி டாக்ஸி ஸ்டாண்டில் தபித்தாளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. கொடுத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனதை மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், புருஷன் இறந்த பிறகு லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றை வாங்கி, ஆண்கள் மட்டுமே நின்ற வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். எவ்வளவு குளிரானாலும் டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கித்தான் இருக்கும். ஹாரன் அடிக்காமல் வளைவில் திரும்பும் லாரிக்காரனைத் திட்ட வேண்டாமா?

அந்த வாய் ஒரே ஒரு சவாரியில் மட்டும் அடங்கும். மாணிக்கம் அருவங்காடு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யப் போக வேண்டியிருந்தது. மகள் அனுராதா பள்ளிக்கூட வேலையில் இருந்ததால், கூட்டிப்போய்க் கூட்டிவரும் பொறுப்பு தபித்தாளுடையது. வீட்டில் அவரை ஒரு ஸ்விட்சைக்கூடத் தொட விடமாட்டார்கள். "சும்மா உக்காருங்கப்பா" என்பதைக் கேட்டுக் கேட்டு மனிதர் சலித்துப்போயிருந்தார். காரில் ஏறினால்தான் அவருக்குக் கை முளைக்கும். தபித்தாளின் டார்ச்சைச் சரிசெய்வார். அறுந்த சார்ஜர் ஒயரை ஒட்டுவார். கறுப்பு டேப்பைப் பாதிக்குப் பாதி ஏற்றி அழகாகச் சுற்றி, கடைசி நுனியை மட்டும் மடித்து விடுவார்.

"நாளைக்கு இன்னொருத்தன் பிரிக்கோணுமில்ல, அம்மிணி?" என்பார்.

மார்ச் மாதம் வெயில் ஏறியதும் பிரச்சினை தொடங்கியது. மலை இறங்கி மேட்டுப்பாளையம் போக்குவரத்து நெரிசலில் நின்றபோது, சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும் என்பதற்காக, தபித்தாள் உள்ளே ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்தாள். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே ஹீட்டர். மலையில் மாட்டிய குரங்குக் குல்லாயைக் கழற்றிவிட்டு, மாணிக்கம் வியர்வையைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தார். அப்படியும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. எஞ்சின் ஆறி, தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை வேறொருவருக்குப் போயிருந்தது. சாயங்காலம் வரை காத்துக் கிடந்தார்.

மெக்கானிக் சில்வஸ்டர் தெர்மோஸ்டாட்டை மாற்றினான், கூலன்ட்டை மாற்றினான், தண்ணீர் பம்பைப் பிரித்துப் பூட்டினான். கோடநாடு வரை ஓட்டிப் பார்த்தான். முள் பாதியைத் தாண்டவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்க கிளட்ச்சு மேல கால வெச்சுக்கிட்டே ஓட்டறீங்க போல" என்றான்.

அதற்கு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. ஆனால் அடுத்த சவாரியிலேயே அதே மேட்டுப்பாளையத்தில் வண்டி மறுபடி கொதித்தது. அன்று மாணிக்கத்தின் முகம் வெளுத்து, உதடு உலர்ந்துபோயிருந்தது.

அன்று அனுராதா வாசலிலேயே நின்றிருந்தாள். "அக்கா, உங்க மேல கோபமில்ல. ஆனா அப்பாவ வெச்சு இனிமே பரீட்சை பண்ண முடியாது. திங்கக்கிழமையிலிருந்து பாபு அண்ணன் கார் வரும்."

மாணிக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள் மகள்.

ஸ்டாண்டுக்குச் செய்தி தபித்தாளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. வாய் கொடுக்காதவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். சிரிப்புக்கு என்ன சொல்வது? ஒரு சவாரி போனது பெரிதில்லை. நோயாளியை நடுரோட்டில் நிறுத்திய வண்டி என்று பெயர் விழுந்தால், இந்த ஊரில் அவளை யார் கூப்பிடுவார்கள்? அந்த மனிதர் பாபுவின் காரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மலையில் கொதிக்காத வண்டி கீழே போனால் கொதிக்கிறது. அப்படியென்றால் கீழே இருக்கிற சூட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தனியாகக் கீழே போய் மாட்டிக்கொள்வதைவிட, சூட்டை மேலேயே தேடலாமே என்று தோன்றியது. அவளுடைய கொழுந்தன் முத்துராஜ் ஒரு தேயிலை ஃபேக்டரியில் உலைக்கு விறகு போடுகிறான். ஊரே ஸ்வெட்டரில் இருக்கும்போது பனியனோடு வேலை செய்கிற ஒரே ஆள்.

"அண்ணி, காருக்கும் குளிருதுங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். ஆனாலும் உலைச் சுவருக்குப் பின்னால் விறகு ஷெட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தான்.

எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்துவைத்து, முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாடியில் கொழுந்து வாட்டுகிற பெரிய ஃபேன்கள் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. முள் பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டியது. சரியாக அந்த நேரம் மேலே ஃபேன்களை நிறுத்தினார்கள். சட்டென்று அமைதி. கார் எஞ்சின் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

மேட்டுப்பாளையத்தில் பக்கத்தில் நிற்கிற கார்களெல்லாம் திடீர் திடீரென்று கொர்ரென்று இரைந்து அடங்கும். அந்த இரைச்சல் எங்கே? குனிந்து பார்த்தாள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் அசையாமல் நின்றது.

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். மலைக் குளிரில் அதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக் கூரையில்கூட ஃபேன் மாட்டாத ஊர் இது. எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, கீழே படுத்து டார்ச் அடித்தாள். பம்பருக்கு உட்புறம், ஃபேனுக்குப் போகிற ஒயர் கழற்றப்பட்டிருந்தது. இரண்டு முனைகளிலும் மழைத்தண்ணீர் படாமல் கறுப்பு டேப். பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றியிருந்தது. நுனி மட்டும் மடித்து விட்டிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். படுத்தபடியே, அவர் காதில் விழாத தைரியத்தில், ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு அந்த மடிப்பை விரலால் தொட்டாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்தக் கையோடு, இப்படித் தரையில் படுத்தா இதைச் செய்தார்? இதைச் சொன்னால் ஸ்டாண்டில் அவள் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு காரில்கூட அவரை ஒரு ஒயரையும் தொட விடமாட்டார்கள்.

டேப்பைப் பிரித்து ஒயரை மாட்டினாள். மறுபடி எஞ்சினைச் சூடாக்கினாள். கொர்ரென்று ஃபேன் ஓடியது. முள் இறங்கியது.

"ஒயரு கழண்டு கெடந்துச்சு கண்ணு. ஒரே ஒரு தடவ நம்பி அனுப்பு. வேணும்னா நீயும் வா" என்று அனுராதாவிடம் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுராதா அரை மனதோடு லீவு போட்டுவிட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மேட்டுப்பாளையத்தில் அன்றும் நெரிசல். பின்சீட்டிலிருந்து அனுராதா எட்டி எட்டி முள்ளைப் பார்த்தாள். முள் பாதியைத் தாண்டியதும் முன்னால் கொர்ரென்று சத்தம் கேட்டது. முள் மெதுவாகக் கீழே வந்தது. அனுராதா பெருமூச்சு விட்டுச் சாய்ந்தாள்.

மாணிக்கம் மட்டும் சாயவில்லை. "அது என்ன சத்தம், அம்மிணி?"

"ரேடியேட்டரு ஃபேனுங்கய்யா."

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. தபித்தாள் கியரைப் போட்டாள்.

"அனு, அத நாந்தான் கழட்டுனேன்."

"என்னப்பா சொல்றீங்க?"

"மார்கழியில ஒரு நாளு. நம்ம ஊட்டு வாசல்ல வண்டிய நிறுத்திச் சாவிய எடுத்த பொறகும் அது ஓடிட்டே இருந்துச்சு. அம்மிணி உள்ள டீ குடிச்சிட்டிருந்தா. பேட்டரி தீந்துருமேன்னு, நல்லது பண்றதா நெனச்சுக் கழட்டிப்போட்டேன். கோத்தகிரி வண்டிக்கு எதுக்கு ஃபேனுன்னு. அப்பறம் அத மறந்தே போயிட்டேன். என்னால இவ பேரு கெட்டுப்போச்சு."

அனுராதா தபித்தாளைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"டேப்பப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"கழண்டு கெடந்துச்சுன்னு சொன்னேனில்ல?"

அனுராதா கொஞ்ச தூரம் போன பிறகு, "அடுத்த தடவையும் இதே நேரத்துக்கு வந்துருங்கக்கா" என்றாள்.

"இனி உன்ற வண்டியில எதுலயும் கை வெக்க மாட்டேன், அம்மிணி" என்றார் மாணிக்கம்.

தபித்தாள் டேஷ்போர்டைத் திறந்தாள். சார்ஜர் ஒயரையும் கறுப்பு டேப்பையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"மறுபடியும் விட்டுப்போச்சுங்கய்யா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள சித்த சுத்திக் குடுங்க."

மாணிக்கம் தயங்கி, திரும்பி மகளைப் பார்த்தார். அவள் சும்மா உட்காரச் சொல்லவில்லை. டேப்பின் நுனியை நகத்தால் தேடத் தொடங்கினார்.