பழைய பானைக்குக் கீழே என் பால்பல்

சாணி உருண்டைக்குள் பால்பல்லை வைத்து அழுத்தும்போது கட்டைவிரலில் சின்னதாக ஒரு குத்தல் தெரியும். உருண்டை வெதுவெதுப்பாக இருக்கும், வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும், வாசலில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைக் கூரைமேல் வீசவேண்டும். பல் கூரையில் தங்கினால் புதுப்பல் சீக்கிரம் முளைக்கும், கீழே விழுந்தால் இழுத்தடிக்கும் என்பது அம்மாவின் சித்தாந்தம். நான் வீசிய பற்களில் ஒன்றுகூடத் தங்கியதில்லை. எங்கள் குடிசையின் புல்கூரை நல்ல சரிவு. உருண்டை ஒரு கணம் யோசித்துவிட்டு உருண்டு வந்து என் காலடியிலேயே விழும். நான் அதைக் குதிகாலால் மண்ணுக்குள் மிதித்துவிட்டு, "நின்னுருச்சும்மா" என்று உள்ளே பார்த்துக் கத்துவேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் ராசுவுக்குக் கைவலு அதிகம். அவன் வீசிய பற்கள் கூரையைத் தாண்டிப் பின்பக்கம் போய் விழுந்தன. அவனும் "நின்னுருச்சும்மா" என்றுதான் சொன்னான்.

பண்ணைக்காட்டு பஸ் ரோட்டிலிருந்து கால்மணி நேரம் ஏறினால் வரும் சரிவில் எங்கள் வீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அப்பாவும் அம்மாவும், எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் இருவரையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தவர்கள். அப்பாவுக்கு இங்கே காப்பித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. புறம்போக்கில் ஒரு குடிசை போட்டோம். மூன்று வருஷம் கழித்து, அதற்குச் சற்று மேலே சரிவை வெட்டிச் சமப்படுத்தி, ஒரு தகரவீடு கட்டினார் அப்பா. குடிசையின் கம்பங்களைப் பிடுங்கிப் புதுவீட்டுக்கு நட்டார், சுவரை இடித்துத் தள்ளினார், வெட்டிய மண்ணையெல்லாம் குடிசை இருந்த இடத்தின்மேல் கொட்டி வாழை வைத்தார். அந்த மண்ணில் உடைந்த பானை ஓடுகள் ஏராளம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, தொட்டால் வழுவழுப்பு. அம்மா அதில் பெரிய ஓடாகப் பார்த்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். இத்தனையும் ஊர் மணியக்காரர் தன் மகள் கல்யாணத்துக்காக மதுரை போயிருந்த பத்து நாளில் நடந்து முடிந்துவிட்டது. சர்க்கார் நிலத்தை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டியிருந்தோம். அந்த ரகசியத்தை நாங்கள் நால்வரும் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வந்தோம். எனக்கு மட்டும் கடிக்க முன்பல் இல்லை. ஏழு வயதில் விழுந்தது ஒன்பது வயதாகியும் முளைக்கவில்லை.

அந்த ஒன்பதாம் வயதில்தான் பழங்கால ஊர்களைத் தோண்டி ஆராயும் பேராசிரியர் வந்தார். எங்கள் வீட்டுக்கு மேலே பாறையில், பலகைக்கல்லை நாலுபக்கமும் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய சின்னச் சின்ன அறைகள் உண்டு. ஊரில் அதைக் "குள்ளர் வீடு" என்பார்கள். நாங்கள் அதில் ஆடு கட்டுவோம். பேராசிரியர் அதெல்லாம் பழங்காலத்தில் செத்தவர்களுக்காகக் கட்டியது என்றார். "செத்தவங்களுக்கு இவ்வளவு பெரிய வீடுன்னா, உயிரோட இருந்தப்ப எங்க இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டு, தொலைந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூன்று மாணவர்களுடன் மலைச்சரிவெல்லாம் நடந்தார். இரண்டாம் நாள் எங்கள் கோழி தண்ணீர் குடிக்கும் ஓட்டைப் பார்த்துவிட்டார். தண்ணீரைக் கொட்டி, ஓட்டைத் துடைத்து, வெயிலில் காட்டி, கண் கலங்கினார். கோழி அவரைக் கொத்தப் போனது.

மறுநாள், ஓடுகள் சிதறிக் கிடந்த வாழைக்கு நடுவே ஆணி அடித்து, நூல் கட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். மண்ணை அள்ள நாள்கூலிக்கு ஆள் வேண்டும் என்றபோது அப்பாவையே பிடித்தார்கள். ஆக, தான் கொட்டிய மண்ணைத் தானே அள்ளும் பாக்கியம் அப்பாவுக்குக் கிடைத்தது. அள்ளியதைச் சல்லடையில் சலித்தார்கள், ஓடுகளைக் கழுவி நம்பர் எழுதினார்கள். கீழே போகப்போக மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டு, கொத்தனார் கரண்டியாலும் பிரஷ்ஷாலும் சுரண்டினார்கள். அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "பச்சப்புள்ளைக்கு எண்ணெ தேய்க்கிற மாதிரியில்ல மண்ணத் தடவுதுங்க! எங்க தோட்டத்துல இப்படி வேல செஞ்சா அரைநாக் கூலிக்கு அரைப்பேரு கூடப் போட மாட்டாங்க."

மூன்றடி ஆழத்தில் சாணி மெழுகிய தரை வந்தது. தரையில் வரிசையாகக் கறுத்த வட்டங்கள் தெரிந்தன. "கம்பம் நட்ட குழி. கம்பம் போயிடும், குழி போகாது. நிரம்புன மண்ணோட நிறம் காட்டிக் கொடுத்துடும்" என்று பேராசிரியர் மாணவர்களுக்கு விளக்கினார். குச்சித் தடம் பதிந்த மண்கட்டிகளைக் கையில் ஏந்தி, மூங்கில் பின்னி மண் அப்பிய சுவர் என்றார். அதிலொன்றும் தப்பில்லை. அப்படித்தான் அப்பா கட்டினார். பிறகு மூன்று கல் வைத்த அடுப்பு வந்தது.

"தொரே, அது எங்க அடுப்பு" என்றாள் அம்மா.

பேராசிரியர் பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, இதுக்கு மேல கிடந்த பானையே ரெண்டாயிரம் வருஷத்துப் பானை. மேல இருக்கறது பிந்தினது, கீழ இருக்கறது முந்தினது. அப்ப அடுப்பு எவ்வளவு பழசு?"

அவர் கணக்கில் பிழையே இல்லை. அப்பாவின் மண்வெட்டி மட்டும்தான் அதில் சேரவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குழிக்கு வெளியே பார்த்தார். அங்கே மணியக்காரர் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். "தொரை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா குனிந்து மண்ணை அள்ளத் தொடங்கினார்.

ஐந்தாம் நாள் பல் கிடைத்தது. ஒன்றல்ல, நாலு. கம்பக்குழிகளுக்கு ஒரு முழம் தள்ளி நேர்க்கோட்டில் கிடந்தன. எல்லாம் குழந்தைப் பற்கள். பேராசிரியர் பரவசத்தில் குழிக்குள் உட்கார்ந்துவிட்டார். "வீட்டு வாசல்ல, வரிசையா, குழந்தைங்க பல்லு... ஏதோ சடங்கு" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அது ரோடு வரைக்கும் இறங்கிப் போய், திரும்பி ஏறி வரும்போது "நரபலி" ஆகியிருந்தது. வாழைத்தோட்டம் முழுக்கச் சனம் கூடிவிட்டது.

மணியக்காரர் தொண்டையைச் செருமினார். "ஏலே, இது பலி குடுத்த எடந்தேன். இம்புட்டுப் பழசுன்னா சர்க்கார் சும்மா விடாது, வேலி போட்டு எடுத்துக்கிரும். வீடும் இதுக்குள்ளதேன் கெடக்கு. வெள்ளனே வேற எடம் பாக்குற சோலியப் பாருங்க."

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. "அங்க தோட்டத்து லயத்துக் காம்பரா வீட்ட விட்டு ஒருதரம் பெட்டியத் தூக்கியாச்சு. இனி எந்தக் கப்பல்ல ஏறட்டும்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். நான் சல்லடைக்குப் பக்கத்தில் போய்க் காகிதத்தில் வைத்திருந்த பற்களைப் பார்த்தேன். அடிபட்டு ஓரம் உடைந்த பல் ஒன்று அதில் இருந்தது. அந்த அடியும் எனக்கு ஞாபகம் இருந்தது, குள்ளர் வீட்டுக் கல்லில் தடுக்கி விழுந்த நாளும் ஞாபகம் இருந்தது.

"அது என் பல்லு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "வாயைத் திற" என்றார். திறந்தேன். சாணி உருண்டையையும், சரிந்த கூரையையும், குதிகாலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அடி கள்ளி! அப்ப நின்னுருச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்யா? அதானே, பல்லு எப்படி முளைக்கும்?" என்று அந்த நிலைமையிலும் அம்மா எழுந்து வந்தாள். வீடு போகிற துக்கத்தைப் பல் போன கோபம் சற்று நேரம் தள்ளி வைத்தது.

"பாப்பா சொல்றதை எப்படி நம்பறது?" என்றார் பேராசிரியர், தனக்குத்தானே கேட்பது போல.

"பின்பக்கம் தோண்டுங்க. அங்க அண்ணன் பல்லு இருக்கும்" என்றேன். ராசுவின் முகம் செத்துவிட்டது.

தோண்டினார்கள். பின்பக்கக் கம்பக்குழிகளுக்கு அப்பால் இரண்டு பற்கள் கிடைத்தன. இரண்டாவதைப் பிரஷ்ஷால் தட்டத் தட்ட, அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டபடி ஒரு சாண் நீளத்துக்கு நீல நைலான் நூல் எழுந்து வந்தது. ஆடிய பல்லில் அப்பா கட்டி, வெடுக்கென்று இழுத்த நூல். பேராசிரியர் அதை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மாணவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் மலையழகை ரசிக்கத் திரும்பிக்கொண்டார்கள்.

"நைலான்" என்றார் கடைசியில். "அப்ப பழைய பானை எப்படி இதுக்கு மேல வந்துச்சு?"

அப்பா மணியக்காரரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "நாந்தாங்க. மேல வீட்டுக்கு வெட்டுன மண்ண இங்க கொட்டுனேன். மணியக்காரரய்யா கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தாங்க."

பேராசிரியர் மெதுவாகத் தலையை உயர்த்தி எங்கள் தகரவீட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை ஏறிய வழியிலேயே அம்மாவின் பார்வையும் ஏறியது. பானை அங்கிருந்து வந்ததென்றால், அவர் தேடி அலைந்த ஊர் எங்கள் அடுப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. அவர்கள் இருவருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது. ஐந்து நாள் உழைத்த மனிதர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கூப்பி நின்றாள்.

அவர் நோட்டை மூடினார். "இந்தக் குழியில ஒண்ணும் இல்லீங்க" என்று மணியக்காரரிடம் சொன்னார். "நேத்துக் கட்டுன குடிசை. மூடிடலாம்."

சனம் ஏமாற்றத்துடன் கலைந்தது. மணியக்காரருக்கு நரபலி போன வருத்தத்தில் நிலம் வெட்டிய விஷயம் முழுசாக உறைக்கவில்லை. உறைத்தபோது அவர் வீட்டுக்கு ஒரு மலைவாழைத்தார் போனது.

கிளம்புகிற அன்று பேராசிரியர் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். குடிக்கும்போது தரையை ஒருதரம் உள்ளங்கையால் தடவினார். "ரெண்டாயிரம் வருஷம் காத்துக்கிட்டு இருந்தவங்க, இன்னும் கொஞ்சம் இருப்பாங்க. இருக்கறவங்களை எழுப்பிட்டு இல்லாதவங்களைத் தேடக் கூடாது" என்றார். தன் விலாசம் எழுதிய ஒரு தபால் கார்டை அம்மாவிடம் கொடுத்து, "எப்பவாவது திரும்ப அஸ்திவாரம் தோண்டினா ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். அம்மா அதைத் தகரப் பெட்டியில், கப்பல் காகிதங்களோடு வைத்துப் பூட்டினாள். உடைந்த பல்லை அவர் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனார். மீதியை அம்மா என் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே, தகரக் கூரையில் மறுபடி வீசவைத்தாள். எல்லாம் டங்கென்று விழுந்து திரும்பி வந்தன. ஆனாலும் அந்த மாசமே எனக்குப் பல் முளைத்தது.

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. போன வருஷம் ராசு தகரவீட்டைப் பிரித்துவிட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட மூன்று மாடியில் காட்டேஜ் கட்டினான். திண்டுக்கல்லிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் ஜேசிபி வேலை முடிந்து, தூண்குழிகளில் கான்கிரீட் இறங்கிவிட்டது. தகரப் பெட்டியில் கார்டு அப்படியே இருந்தது. பழைய விலை அச்சிட்ட கார்டுதான், இருந்தும் மேலே புதுத் தபால்தலை ஒட்டி, "தோண்டிவிட்டார்கள் ஐயா, மன்னியுங்கள்" என்று எழுதிப் போட்டேன். பதிலும் வரவில்லை, கார்டும் திரும்பவில்லை.

ஜேசிபி வெட்டிய மண் முழுவதும் மறுபடியும் கீழேதான் தள்ளப்பட்டிருக்கிறது. கறுப்பும் சிவப்புமாய் ஓடுகள் மேலே கிடக்கின்றன, அதற்கு அடியில் எங்கேயோ அம்மாவின் அடுப்புக் கற்கள் மூன்றும் இருக்கின்றன. என்றைக்காவது யாராவது கெட்டிக்காரர் வருவார், நூல் கட்டுவார், அடுக்கடுக்காய் இறங்குவார், பிழையில்லாமல் கணக்குப் போட்டு அந்த அடுப்புக்கு ஈராயிரம் வயது சொல்வார். அப்போது இடுப்பில் கைவைத்துக் குழியோரம் நின்று, "தொரே, அது எங்க அடுப்பு" என்று சொல்ல அம்மா இருக்கமாட்டாள்.